அடைப்பதும் அழைப்பதும்: இரத்தத் தட்டணுக்களின் வரலாறு

மழைக்காலம் முடிந்து டெங்குக் காய்ச்சல் தலைகாட்டும் நாட்களில், தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர் இல்லங்களில் 'பிளேட்லெட்' என்னும் சொல் அடிக்கடி காதில் விழுகிறது. நோயாளியின் இரத்தத்தில் அது எத்தனை ஆயிரம் உள்ளது என்று காலையிலும் மாலையிலும் கேட்டறிகிறோம். எண்ணிக்கை ஏறினால் மனம் ஆறுதல் கொள்கிறது, இறங்கினால் கலங்குகிறது. 1996-ஆம் ஆண்டில் தில்லி மாநகரில் 10,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய அக்காய்ச்சல், அதன் பின்னரும் நம் நகரங்களுக்குப் பலமுறை வந்து சென்றிருக்கிறது. தமிழில் நாம் தட்டணு என்று வழங்கும் அந்தச் சிறு பொருள் இரத்தம் உறைவதற்கு உதவுகிறது என்பதை இன்று அனைவரும் அறிவர். அதற்கு மேல் அதனைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

தட்டணுவின் வரலாறு, அறிஞர்கள் தம் கண்ணெதிரே இருந்த ஒன்றை நெடுங்காலம் காணாதிருந்ததும், கண்டபின் பொருந்தாப் பெயரிட்டதும், பொருந்திய பெயர் கிடைத்தபின் அப்பெயருக்குள்ளேயே அதன் ஆற்றலை அடக்கிவைத்ததுமான வரலாறாகும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம்போன்றோருக்கு இதில் தனிச் சுவை உண்டு. ஒரு பொருளுக்கு நாம் இடும் பெயர், அப்பொருளிடம் நாம் எதனை எதிர்பார்க்கிறோம் என்பதையும் ஓரளவு முடிவு செய்துவிடுகிறது. இரத்தக் குழாயில் ஏற்படும் உடைப்பை அடைப்பது தட்டணுவின் முதற்பணி. உடைந்த இடத்தைச் செப்பனிட வேண்டிய உயிரணுக்களை அங்கே அழைத்து நிறுத்துவதும் அதன் பணியே என்பது, முதற்பணி தெளிவாகத் தெரிந்தபின் 120 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே புலனாயிற்று. அந்த இடைவெளியில் நிகழ்ந்தவற்றைக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் இரத்தக் குழாயின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். குழாய் பெரிதாயினும் சிறிதாயினும், அதன் உட்சுவர் ஒரே ஓர் உயிரணுவின் கனமுள்ள மெல்லிய படலத்தால் மூடப்பட்டுள்ளது. அப்படலம் பழுதின்றி இருக்கும்வரை இரத்தம் தடையின்றி ஓடும். அது கிழிந்தால், அடியிலுள்ள நார்ப்பொருள் இரத்தத்திற்கு வெளிப்பட்டுவிடும். நம் ஊர்களில் ஏரிக்கரை உடைந்தால் என்ன செய்வார்கள்? முதலில் வைக்கோற்புரியும் மண்மூட்டையும் இட்டு நீரைத் தடுத்து நிறுத்துவர். பின்னர் ஆள் வரவழைத்துக் கரையை முறையாகக் கட்டுவர். உடலிலும் இவ்விரு வேலைகளும் நடந்தாக வேண்டும். முதல் வேலை சில விநாடிகளில் தொடங்க வேண்டும். இரண்டாவது வேலைக்குப் பல நாட்கள் வேண்டும்.

இரத்தத்தின் சிவப்பணுக்களை ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான லீவன்ஹூக், தாமே செய்த உருப்பெருக்கியின் வழியே கண்டு 1674-ஆம் ஆண்டில் எழுதிவைத்தார். வெள்ளணுக்களை 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஹியூசன் ஆராய்ந்தார். தட்டணுவோ 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெயரின்றிக் கிடந்தது. அதன் உருவம் மிகச் சிறிது. சிவப்பணுவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் 7 அல்லது 8 பங்கு என்றால், தட்டணுவின் குறுக்களவு 2 அல்லது 3 பங்கே. உடலை விட்டு இரத்தம் வெளிவந்த சில நொடிகளிலேயே தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உருக்குலைந்து, பொடிக் குவியல் போல ஆகிவிடும். ஆகவே உருப்பெருக்கியில் அவற்றைக் கண்டவர்கள் சிதைந்த வெள்ளணுக்களின் துகள் என்றோ, கண்ணாடியில் படிந்த அழுக்கு என்றோ எண்ணி விட்டுவிட்டனர்.

ஜெர்மனியின் பான் நகரில் பேராசிரியராக இருந்த மாக்ஸ் ஷுல்ட்ஸே, உருப்பெருக்கியின் மேடையை உடலின் சூட்டிற்கு ஒப்ப வெதுவெதுப்பாக வைக்கும் கருவி ஒன்றை அமைத்தார். அதன் துணையால் 1865-இல் அவர் இரத்தத்தை ஆராய்ந்தபோது, சிவப்பணு, வெள்ளணு ஆகியவற்றிற்கிடையே நிறமற்ற சிறு உருண்டைகள் கூட்டங்கூட்டமாக இருப்பதைக் குறிப்பிட்டு, இரத்த ஆராய்ச்சியில் ஈடுபடுவோர் இவற்றைக் கவனிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். அவருடைய முதன்மையான ஆராய்ச்சி வெள்ளணுக்களைப் பற்றியதாதலால், அவர் இதனை மேலும் தொடரவில்லை.

அடுத்து வருபவர் கனடாவில் பிறந்த வில்லியம் ஆஸ்லர். பிற்காலத்தில் மருத்துவ உலகம் போற்றும் ஆசானாக விளங்கிய இவர், 1873-இல் தமது 24-ஆம் வயதில் இலண்டனில் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். எலியின் மெல்லிய திசுவில் உள்ள ஒரு சிறு குழாயை அவர் உற்று நோக்கினார். குழாய்க்குள் அச்சிறு தட்டுகள் தனித்தனியே மிதந்தன. அதே இரத்தத்தை வெளியே எடுத்ததும் அவை கூடிக் குவியலாயின. ஆகவே குவியல் என்பது இரத்தம் குழாயை விட்டு நீங்கியபின் ஏற்படும் நிலை என்றும், ஓடும் இரத்தத்தில் இவை தனித்தனியானவை என்றும் அவர் நிறுவினார். துகள் என்று ஒதுக்கப்பட்டது இரத்தத்தின் இயல்பான உறுப்பே என்று கொள்வதற்கு இது வழிசெய்தது.

இனிப் பெயரின் சிக்கல் தொடங்குகிறது. பாரிசில் பணியாற்றிய ஜார்ஜ் ஹாயம், 1870-களின் பிற்பகுதியில் இச்சிறு பொருள்களைக் கவனத்துடன் எண்ணியும் வருணித்தும் எழுதினார். ஆனால் இவை வளர்ந்து சிவப்பணுக்களாக மாறுகின்றன என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கைக்கேற்ப 'ஹெமாட்டோபிளாஸ்ட்' என்று பெயர் சூட்டினார். இரத்தத்தை முளைப்பிப்பது என்பது அச்சொல்லின் பொருள். அப்பெயர் நிலைத்திருந்தால், இவற்றின் பிறப்பைப் பற்றியும் பணியைப் பற்றியும் பல ஆண்டுகள் பொய்த்தடத்திலேயே ஆராய்ச்சி சென்றிருக்கக்கூடும்.

இச்சிக்கலை அவிழ்த்தவர் இத்தாலியின் கியூலியோ பிட்சோட்ஸெரோ. 1846-இல் வரேசே என்னும் ஊரில் பிறந்த இவர், இளம் வயதிலேயே டூரின் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரானார். 1881-இலும் 1882-இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள் தட்டணு வரலாற்றின் திருப்புமுனையாகும். இரத்தத்தைச் சொட்டாக எடுத்துக் கண்ணாடியில் இட்டுப் பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை. முயல், கினிப்பன்றி ஆகியவற்றின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை உருப்பெருக்கியின் கீழ் விரித்து, உயிருள்ள குழாயில் ஓடும் இரத்தத்தையே நோக்கினார். பின்னர் அக்குழாயின் சுவரை ஓரிடத்தில் சிறிது காயப்படுத்தினார். ஓட்டத்தோடு சென்றுகொண்டிருந்த தட்டணுக்கள் அவ்விடத்தில் ஒன்றிரண்டாக நின்று ஒட்டின. அவற்றின் மேல் பிற வந்து ஒட்டின. சிறிது நேரத்தில் ஓர் அடைப்பு உருவாயிற்று. வெள்ளணுக்கள் பின்னரே வந்து சேர்ந்தன.

இவ்வாறு காயத்தை முதலில் அடைவது தட்டணுவே என்றும், இது சிவப்பணுவுக்கோ வெள்ளணுவுக்கோ பிள்ளையன்று, இரத்தத்தின் மூன்றாவது உறுப்பு என்றும் பிட்சோட்ஸெரோ எடுத்துரைத்தார். அவர் இட்ட பெயரோ மிக எளியது. இத்தாலிய மொழியில் 'பியாஸ்த்ரினே', ஜெர்மன் மொழியில் 'புளூட்பிளெட்ஷென்'. இரண்டுக்கும் சிறு தட்டுகள் என்பதே பொருள். கண்ணால் கண்ட வடிவத்தை மட்டும் கூறி, காணாத பணியைப் பற்றி எதுவும் கூறாத பெயர் அது. ஆங்கிலத்தின் பிளேட்லெட்டும் தமிழின் தட்டணுவும் அதே வழியில் வந்தவை. தமிழ்ச் சொல்லில் 'அணு' என்று இருந்தாலும், தட்டணுவில் கரு இல்லை என்பதையும், அது முழு உயிரணு அன்று என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

பிட்சோட்ஸெரோவின் வாழ்வில் குறிப்பிடத்தக்க ஒரு செய்தி உண்டு. இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உண்டாகின்றன என்னும் உண்மையை 1868-இல் கண்டறிந்து கூறிய இருவரில் அவரும் ஒருவர். மற்றவர் கோனிக்ஸ்பெர்க் நகரத்து எர்ன்ஸ்ட் நாய்மன். மஜ்ஜையில் கிடக்கும் பெரிய அணுக்களையும் பிட்சோட்ஸெரோ கண்டிருந்தார். ஆயினும் தாம் பின்னாளில் கண்ட தட்டணுவின் பிறப்பிடம் அப்பெரிய அணுக்களே என்பது அவருக்குத் தெரியவில்லை. கண்நோயினால் உருப்பெருக்கியைக் கையாள இயலாமற்போன இறுதி ஆண்டுகளில் அவர் பொதுச் சுகாதாரப் பணியில் ஈடுபட்டு, 1901-இல் மறைந்தார்.

விடுபட்ட அவ்விணைப்பை 1906-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் ஹோமர் ரைட் கண்டார். இரத்த அணுக்களைப் பல வண்ணங்களில் பிரித்துக் காட்டும் சாயம் ஒன்றை அவர் முன்னரே அமைத்திருந்தார். இன்றும் சோதனைச் சாலைகளில் அது அவர் பெயரால் வழங்குகிறது. அச்சாயத்தை இட்டபோது, மஜ்ஜையின் 'மெகாகாரியோசைட்' என்னும் பெருங்கரு அணுவினுள் இருந்த மணிகளும் தட்டணுவினுள் இருந்த மணிகளும் ஒரே நிறத்தில் தோன்றின. அவ்வணுவின் உடல் விரல்கள்போல் நீண்டு மஜ்ஜையின் குழாய்களுக்குள் புகுந்திருப்பதும், நுனிகள் துண்டுபட்டுத் தட்டணுக்களாவதும் புலப்பட்டன. நம் உடலில் நாள்தோறும் ஏறத்தாழ 10,000 கோடித் தட்டணுக்கள் இவ்வாறு உண்டாகின்றன. ஒவ்வொன்றும் 7 முதல் 10 நாட்கள் வரை வாழ்கிறது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருப்பது இயல்பான நிலை.

1910-இல் வில்லியம் டியூக் என்னும் அமெரிக்க மருத்துவர் இந்த அறிவை நோயாளியின் படுக்கையருகே கொண்டுவந்தார். தட்டணுக்கள் மிகக் குறைந்து, இரத்தப்போக்கு நிற்காமல் வருந்திய நோயாளிக்குப் பிறருடைய இரத்தத்தைச் செலுத்தியபோது, தட்டணுக்களின் எண்ணிக்கை உயர்ந்தது, இரத்தப்போக்கும் நின்றது. செலுத்திய தட்டணுக்கள் சில நாட்களில் மறைய, நோயின் குறிகள் மீண்டும் தோன்றின. எண்ணிக்கைக்கும் இரத்தப்போக்குக்கும் உள்ள உறவு ஐயமின்றி விளங்கிற்று. அதன் பின்னர் இரண்டு தலைமுறைக்காலம் தட்டணு என்றால் அடைப்பான் என்றே மருத்துவ உலகம் எண்ணியது. கிரேக்க மொழியில் உறைகட்டி என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த 'த்ராம்போசைட்' என்னும் பெயரும் அதற்கு வழங்கலாயிற்று. பணியைக் குறிக்கும் அப்பெயர் தவறானதன்று. ஆனால் ஒரு பணியை மட்டும் குறித்தது.

இங்கே வரலாற்றின் மற்றொரு கிளையைப் பின்பற்ற வேண்டும். காயத்தைச் செப்பனிடும் உயிரணுக்கள் எங்கிருந்து வருகின்றன? அருகிலுள்ள திசுவிலிருந்தே அவை பெருகுகின்றன என்று 19-ஆம் நூற்றாண்டின் பெரும் நோயியல் அறிஞரான ஃபிர்ஷோவும் அவர் வழி வந்தோரும் கருதினர். அவரிடமே உதவியாளராக இருந்த யூலியுஸ் கோன்ஹைம் 1867-இல் மாறான சான்று காட்டினார். தவளையின் மெல்லிய திசுவில் வெள்ளணுக்கள் குழாயின் சுவரைக் கடந்து வெளியேறுவதை அவர் நேரிற் கண்டார். இரத்தத்தில் சாயப்பொடியைச் செலுத்தியபோது, சாயம் ஏற்ற அணுக்கள் காயம்பட்ட இடத்தில் காணப்பட்டன. செப்பனிடுவோர் இரத்தத்தின் வழியே தொலைவிலிருந்து வருகின்றனர் என்பது அவர் கொள்கை. உள்ளூராரா, வெளியூராரா என்னும் இவ்வழக்கு இன்றளவும் முழுமையாகத் தீரவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

தட்டணு அடைப்பதோடு நிற்கவில்லை என்பதற்கு முதல் வலுவான சான்று 1974-இல் கிடைத்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரஸல் ராஸும் அவருடைய உடனாய்வாளர்களும் தமனியின் தசையணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து வந்தனர். முழு இரத்தம் உறைந்தபின் வடித்தெடுத்த நீரை இட்டால் தசையணுக்கள் செழித்துப் பெருகின. தட்டணுக்களை முன்னரே நீக்கிவிட்டு எடுத்த நீரை இட்டால் அவ்வாறு பெருகவில்லை. அந்நீரில் தட்டணுக்களின் சாற்றைச் சேர்த்ததும் மீண்டும் வளர்ச்சி உண்டாயிற்று. உறையும்போது தட்டணு தன்னுள் இருந்த ஏதோ ஒரு வளர்ச்சிப் பொருளை வெளியிடுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. மண்மூட்டை என்று எண்ணியிருந்த ஒன்று, தன்னுள்ளே விதையும் உரமும் வைத்திருந்ததைப் போன்றது இது. தட்டணுவின் மணிகளுக்குள் இத்தகைய பொருள்கள் பல அடங்கியுள்ளன என்பது பின்வந்த ஆராய்ச்சிகளால் விளங்கியது.

இதனிடையே மஜ்ஜையின் மறைபொருளும் வெளிப்பட்டது. கனடாவின் டொரான்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மக்கல்லக் ஆகிய இருவரும், கதிர்வீச்சினால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்குப் பிற எலிகளின் மஜ்ஜையைச் செலுத்தினர். எலிகளின் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே உயிரணுவிலிருந்து பெருகியது என்றும், அவ்வொன்றே பலவகை இரத்த அணுக்களைப் பிறப்பிக்க வல்லது என்றும் 1961 முதல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சிகள் காட்டின. இத்தகைய உயிரணுவை ஜெர்மானியர் 'ஷ்டாம்செல்' என்றனர். ஷ்டாம் என்பது மரத்தின் அடிப்பகுதியையும் குலத்தின் வழியையும் ஒருங்கே குறிக்கும் சொல். ஆங்கிலம் அதனை 'ஸ்டெம்' ஆக்கிற்று. தமிழிலோ தண்டு என்றும் மூலம் என்றும் குருத்து என்றும் மூவகையாக வழங்குகின்றனர். தென்னையின் குருத்தைப் போல இளமை மாறாது புதிய ஓலைகளை ஈன்றுகொண்டே இருப்பதால், குருத்தணு என்னும் சொல் இப்பொருளுக்கு மிகவும் இயைந்தது என்பது என் கருத்து.

1997-இல் பாஸ்டன் நகரில் தகாயுகி அசஹாராவும் ஜெஃப்ரி இஸ்னரும் மற்றோரும் வெளியிட்ட கட்டுரை மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. மனிதரின் இரத்தத்திலேயே, குழாயின் உட்படலமாக மாறும் இயல்புடைய முன்னோடி அணுக்கள் திரிகின்றன என்று அவர்கள் அறிவித்தனர். இரத்த ஓட்டம் தடைப்பட்ட விலங்குகளின் உடலில் அவ்வணுக்களைச் செலுத்தியபோது, புதிதாக முளைத்த குழாய்களில் அவை இடம்பெற்றிருந்தன. கோன்ஹைமின் கொள்கை 130 ஆண்டுகளுக்குப் பின் புத்துயிர் பெற்றது. ஆனால் ஒரு வினா எஞ்சி நின்றது. உடல் முழுதும் சுழன்றோடும் இரத்தத்தில் மிக அரிதாக உள்ள இவ்வணுக்கள், காயம்பட்ட சிற்றிடத்தை எவ்வாறு கண்டுகொள்கின்றன?

இவ்வினாவுக்கு விடையளித்த ஆராய்ச்சிகளில் சிறந்த ஒன்றை ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஸ்டெஃபன் மாஸ்பெர்க்கும் அவருடைய குழுவினரும் நிகழ்த்தி, 2006-இல் வெளியிட்டனர். அவர்கள் செய்த சோதனை பிட்சோட்ஸெரோவின் சோதனைக்குப் பேரப்பிள்ளை என்று கூறலாம். எலியின் கழுத்துத் தமனியில் உட்படலத்தைச் சிதைத்து, மஜ்ஜையிலிருந்து எடுத்த முன்னோடி அணுக்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, உயிருள்ள குழாயிலேயே அவற்றின் போக்கை நோக்கினர். தட்டணுக்கள் வந்து படிந்திருந்த இடத்தில் முன்னோடி அணுக்கள் நின்று ஒட்டின. தட்டணுக்களின் ஒட்டும் பொருள்களைத் தடுத்தபோது, அங்கே வந்து தங்கும் முன்னோடி அணுக்கள் குறைந்துபோயின.

இது நிகழும் முறையை இரண்டு படிகளாகக் கூறலாம். காயத்தில் படிந்த தட்டணு விழிப்புற்றதும், அதுவரை தன் மணிகளுக்குள் மறைத்து வைத்திருந்த 'பி-செலெக்டின்' என்னும் புரதத்தை மேற்பரப்பில் நீட்டுகிறது. ஓடிச் செல்லும் முன்னோடி அணுவின் மேலுள்ள கொளுவியை அது பற்றி, வேகத்தைக் குறைத்து நிறுத்துகிறது. அடுத்து, தட்டணு 'எஸ்.டி.எஃப்-1' என்னும் அழைப்புப் பொருளை வெளியிடுகிறது. அதனை உணரும் வாங்கி ஒன்று குருத்தணுவின் மேல் உள்ளது. இங்கே வியப்பிற்குரியது யாதெனில், குருத்தணுக்களை மஜ்ஜையில் தங்கவைப்பதும் இதே பொருள்தான். அயலூர்ச் சந்தையின் இரைச்சலில் திடீரெனத் தாய்மொழிச் சொல்லொன்று கேட்டால், நம் கால்கள் தாமே நின்றுவிடுகின்றன அல்லவா? தன் பிறந்தகமாகிய மஜ்ஜையில் பழகிய குறியைக் காயத்தின் அருகே உணரும் குருத்தணுவும் அவ்வாறே நின்று அவ்விடத்தை நாடுகிறது. ஜெர்மனியின் டூபிங்கன் முதலிய இடங்களில் அக்காலத்தில் நடந்த கலச் சோதனைகள், தட்டணுக்களின் மேல் படிந்த முன்னோடி அணுக்கள் உட்படல அணுக்களின் சாயலைப் பெறுவதையும் காட்டின.

இத்துடன் கதை இனிதே முடிந்தது என்று எழுதிவிட்டால் உண்மைக்குப் புறம்பாகும். 'உட்படல முன்னோடி அணு' என்னும் பெயரே பின்னர் வழக்கிற்கு உள்ளாயிற்று. 2007-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் மெர்வின் யோடர் குழுவினர் அவ்வணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வளர்த்துப் பார்த்தனர். அப்பெயரால் வழங்கிய பல, வெள்ளணுக் குலத்தைச் சேர்ந்தவை. தாமே குழாய் ஆகும் ஆற்றல் இல்லாதவை என்று அவர்கள் கண்டனர். 2008-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து வந்த ஆராய்ச்சி, எலிகளில் புதிய குழாய்களின் உட்படலத்தில் மஜ்ஜை அணுக்கள் இடம்பெறவில்லை என்று அறிவித்தது. 2017-இல் இத்துறை அறிஞர்கள் கூடி, எந்த அணுவை எப்பெயரால் அழைப்பது என்று ஓர் உடன்பாட்டை வெளியிட வேண்டியதாயிற்று. ஹாயம் காலத்துப் பிழை வேறு உருவில் திரும்பி வந்தது. அணு என்னவாகும் என்பதை மெய்ப்பிக்கும் முன்னரே, அதனைப் பெயரில் எழுதிவிட்டனர்.

இன்றைய நிலை இதுவாகும். உட்படலத்தின் கிழிசலை மூடும் அணுக்களிற் பெரும்பாலானவை, விளிம்பிலிருக்கும் அண்டை அணுக்கள் பெருகுவதால் வருகின்றன. தட்டணு அழைத்து நிறுத்தும் மஜ்ஜை அணுக்கள், தாம் சுவராக மாறுவதைவிட, வளர்ச்சிப் பொருள்களை அங்கே சுரந்து அவ்வேலையை ஊக்குவிக்கின்றன என்றே பலரும் கருதுகின்றனர். கட்டுபவர் பெரும்பாலும் உள்ளூரார்; துணைக்கு வருவோர் வெளியூரார். ஃபிர்ஷோவுக்கும் கோன்ஹைமுக்கும் ஆளுக்கொரு பங்கு வெற்றி கிட்டியுள்ளது. தட்டணு அழைக்கிறது என்பதில் ஐயமில்லை. அழைப்பை ஏற்று வருபவை எந்த அளவுக்கு என்ன செய்கின்றன என்பதிலேதான் ஆராய்ச்சி தொடர்கிறது.

தட்டணுவின் இவ்வாற்றல் எப்போதும் நன்மையே தரும் என்றும் எண்ணலாகாது. இதயத்தின் தமனியில் படிந்த கொழுப்புக் கட்டி வெடிக்கும்போது, தட்டணு அதனையும் ஒரு காயமாகவே கருதி அடைக்கிறது; அவ்வடைப்பே மாரடைப்பாகிறது. அதனால்தான் தட்டணுக்களை ஒட்டவொட்டாமல் செய்யும் ஆஸ்பிரின், மாரடைப்புக்கு மருந்தாயிற்று. 17,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1988-இல் வெளியிட்ட பெருஞ்சோதனையில், ஒரு மாதம் ஆஸ்பிரின் உண்டவர்களிடையே இதய, இரத்தக் குழாய் நோய்களால் நேர்ந்த இறப்பு 23 விழுக்காடு குறைந்தது. ராஸ் கண்ட வளர்ச்சிப் பொருளும் அளவு மீறினால், தமனியின் தசையைத் தடிக்கச் செய்து வழியைக் குறுக்கிவிடக்கூடும்.

இவ்வரலாறு சோதனைச்சாலைக்கு வெளியே வாழும் நமக்கும் நேரடியாகத் தொடர்புடையது. குருத்தணு என்னும் சொல் இன்று விளம்பரங்களிலும் புகுந்துவிட்டது. 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் ஜெர்மனியிலும் பிற நாடுகளிலும், மாரடைப்புற்றோரின் சொந்த மஜ்ஜை அணுக்களை அவர்தம் இதயத் தமனிக்குள் செலுத்திப் பார்த்தனர். சிறிய சோதனைகள் சில நம்பிக்கை ஊட்டின, சில ஊட்டவில்லை. ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து 3,000 பேரைக் கொண்டு நடத்தத் திட்டமிட்ட சோதனைக்கு 375 பேரே கிடைத்தனர். இச்சிகிச்சை உயிர் காக்கும் என்பதை 2020-இல் வெளிவந்த அதன் முடிவு மெய்ப்பிக்க இயலவில்லை. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட நெறிகள், இரத்த நோய் முதலியவற்றுக்கு ஏற்கப்பட்ட மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நீங்கலாக, பிற குருத்தணுச் சிகிச்சைகளை ஒப்புதல் பெற்ற ஆராய்ச்சியாக மட்டுமே நடத்தலாம் என்று வரையறுத்தன. உறவினர் அருகில் இல்லாத ஊரில், மொழி சரிவரப் புரியாத மருத்துவமனையில், நிலத்தை விற்றேனும் இச்சிகிச்சையைச் செய்துகொள்ளலாமா என்று எண்ணும் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நலம். இது ஒப்புதல் பெற்ற ஆராய்ச்சியா, இதற்குப் பணம் கேட்கலாமா என்று வினவ நோயாளிக்கு உரிமை உண்டு.

டெங்குவைப் பற்றியும் ஒரு சொல். அந்நோயில் பேராபத்து விளைவிப்பது, நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிவதாகும். ஆகவே மருத்துவர் நோயாளியின் நாடி, இரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு ஆகியவற்றை ஓயாது கவனிக்கின்றனர். இரத்தப்போக்கு இல்லாத நிலையில், எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக மட்டும் தட்டணுக்களைச் செலுத்துவதை மருத்துவ நெறிகள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. தட்டணுவைக் கொடையாளரிடம் தேடி இரவெல்லாம் நகரெங்கும் அலையுமுன், அது இப்போது வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டறிவது பலருடைய துன்பத்தைக் குறைக்கும்.

ஷுல்ட்ஸே, கண்டதைக் குறித்துவைத்துப் பிறரைக் கவனிக்கச் சொன்னார். ஆஸ்லர், குழாய்க்குள் உள்ளபடி கண்டார். பிட்சோட்ஸெரோ, வடிவத்தை மட்டும் பெயராக்கிப் பணியைச் சோதனைக்கு விட்டார். அவருடைய 'சிறு தட்டு' என்னும் பெயர் 140 ஆண்டுகள் கடந்தும் பழுதின்றி நிற்கிறது. அடைப்பான் என்று அறிந்தபோதும், அழைப்பான் என்று அறிந்தபோதும் அதனை மாற்றவேண்டிய தேவை எழவில்லை. தட்டணுவின் மணிகளுக்குள் இன்னும் பல பொருள்கள் ஆராய்ச்சியை எதிர்நோக்கிக் காத்திருக்கின்றன. அவற்றின் பணியை அறியப்போகும் தலைமுறைக்கும் இப்பெயர் இடையூறு செய்யாது.